திரா ஆறும் அதன் பெயரைச் சுமக்கும் மக்களும்

நவம்பர் 13, 2024, புதன் – வர்சாசாத்

மராகேஷிலிருந்து காலையில் புறப்பட்ட பேருந்து, 2,260 மீட்டர் உயரத்திலுள்ள டிஷ்கா கணவாயை ஏறி இறங்கி, பிற்பகலில் வர்சாசாத் வந்து சேர்ந்தது. உயர் அட்லஸ் மலையின் வடபுறம் வால்நட் மரங்களும் பசும்புல்லும் இருந்தன. கணவாயைத் தாண்டியதும் மழை மறைவுப் பகுதி தொடங்கிவிடுகிறது. மண்ணின் நிறமே மாறிப்போகிறது. மொராக்கோவின் தென்கிழக்கு என்பது இந்த மலையின் முதுகுப்புறம்தான்.

நான் பார்க்க வந்தது ஓர் ஆற்றை. கிழக்கிலிருந்து வரும் தாதெஸ் ஆறும் மேற்கிலிருந்து வரும் வர்சாசாத் ஆறும் இந்த ஊருக்கு அருகில் கூடித் திரா என்று பெயர் பெறுகின்றன. அங்கிருந்து அட்லாண்டிக் கடல் வரை அதன் நீளம் சுமார் 1,100 கிலோமீட்டர். மொராக்கோவின் மிக நீளமான ஆறு இதுவே. எனினும் பெரும்பாலான ஆண்டுகளில் இதன் நீர் கடலைக் காண்பதில்லை. முதல் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் பிளினி இதைத் 'தாரத்' என்று குறிப்பிட்டு, இதில் முதலைகள் உண்டு என்றும் எழுதியிருக்கிறார். ஆக, அரபு மொழி இங்கே வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே வழங்கிவரும் பெயர் இது.

ஆற்றின் கரையில் வாழ்பவர்களைத் திராவா என்றும், அவர்களில் ஒருவரைத் திராவி என்றும் அழைக்கிறார்கள். தமிழ்க் காதுக்கு இது என்னவாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறேன், திராவிடத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இந்த ஒலி ஒற்றுமையை வைத்து யாரும் குமரிக்கண்டத்தை சகாரா வரை நீட்ட வேண்டாம். என்னை இங்கே இழுத்துவந்த கேள்வி வேறு. ஓர் ஆற்றின் பெயர் அதன் கரையிலுள்ள எல்லாருக்கும் உரியதா, அல்லது சிலருக்கு மட்டும்தானா? போகும் ஊர்களில் எல்லாம் இதைக் கேட்டுப் பார்ப்பது என்று தீர்மானித்திருக்கிறேன். புதுச்சேரியில் படித்த காலத்துப் பிரெஞ்சு ஓரளவு கைகொடுக்கிறது.

மாலையில் ஊருக்குக் கிழக்கே உள்ள அணையைப் பார்த்தேன். மன்சூர் எத்தஹபி அணை 1972-இல் கட்டி முடிக்கப்பட்டது. திரா பள்ளத்தாக்கில் தோன்றிய சாதி மரபின் புகழ்பெற்ற சுல்தானுடைய பெயர் அதற்கு. (சாதி என்பது அரச மரபின் பெயர், நம் சாதியன்று.) அந்த சுல்தான் 1590-இல் சகாராவைக் கடந்து மேற்கு ஆப்பிரிக்காவின் சொங்காய் பேரரசின் மீது அனுப்பிய படை இந்த ஆற்றங்கரை வழியாகத்தான் தெற்கே சென்றது. இரண்டு மாதங்களுக்கு முன் பெய்த பெருமழையால் நீர் கூடியிருக்கிறது என்றார்கள். ஆயினும் கரைப்பாறைகளில் பழைய நீர்மட்டங்களின் வெண்கோடுகள் தலைக்கு மேலே தெரிகின்றன. வடக்கே, சுமார் 250 மீட்டர் உயரமுள்ள நூர் சூரிய மின்நிலையக் கோபுரம் மாலை வெயிலில் நெடுந்தொலைவிலிருந்தே தெரிகிறது. கண்ணாடிகளைக் கழுவவும் முதற்கட்ட நிலையத்தைக் குளிர்விக்கவும் இதே அணையின் நீர்தான் போகிறது.

நவம்பர் 14, வியாழன் – அக்தஸ்

வர்சாசாத்துக்கும் அக்தஸுக்கும் இடையே ஆறு ஆழமான பள்ளத்தில் மறைந்து ஓடுகிறது; சாலை அதைக் கைவிட்டு மொட்டை மலைகளின் மேல் ஏறிவிடுகிறது. இறங்கும்போது கிஸ்ஸான் மலையின் அடிவாரத்தில் பச்சைக் கோடாகப் பேரீச்சந்தோப்பு தெரியத் தொடங்கியது. இங்கிருந்து ம்ஹாமித் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு ஆறு தோப்புகள், ஒன்றன்பின் ஒன்றாக: மெஸ்கீத்தா, தின்ஸூலின், தர்னாத்தா, ஃபெஸ்வாத்தா, க்தாவா, ம்ஹாமித். ஒவ்வொன்றுக்கும் இடையே மலை நெருக்கி ஆற்றை இடுக்கு வழியாக விடுகிறது. ஆறு தோப்புகளும் சேர்ந்து சுமார் 26,000 ஹெக்டேர் பாசனப் பரப்பு.

வியாழக்கிழமை அக்தஸில் சந்தை. அறுவடை முடிந்த பருவமாதலால் எங்கும் பேரீச்சை குவிந்திருந்தது. பூஃபகூஸ், ஜிஹல், பூஸ்தம்மி என்று வகை வகையாகப் பெயர் சொல்லி விற்றார்கள். பழம் விற்ற முதியவர் ஒருவரிடம் என் முதல் கேள்வியைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரரைக் காட்டி, "அவரைக் கேளுங்கள் ஐயா, அவர்தான் திராவி. நான் அமாஸிக்" என்றார். பக்கத்துக் கடைக்காரர் கறுத்தவர், முதியவரோ வெளுத்தவர். திராவி பேசாமல் பழத்தை எடை போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு கேள்வியிலேயே இவ்வளவு வெளிவரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பள்ளத்தாக்கில் பெர்பர் மொழி பேசும் அமாஸிக் குலங்கள், அரபுக் குலங்கள், நபிகளின் வழிவந்தோராகக் கருதப்படும் ஷரீஃப்கள், துறவியரின் வழித்தோன்றல்கள், ஒரு காலத்தில் யூதர்கள் என்று பலரும் வாழ்ந்திருக்கிறார்கள். ஆனால் திராவா என்ற பெயர், குறுகிய பொருளில், ஒரே ஒரு பிரிவினருக்கு ஒட்டிக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகத் தோப்பில் உழுது, நீர் பாய்ச்சி, மரம் ஏறிய கறுத்த தோலுடைய உழவர்கள் அவர்கள். பிற இடங்களில் இவர்களை ஹராத்தீன் என்பார்கள்; அது இழிவுக் குறிப்புள்ள சொல். திராவா என்பது அதைவிட மரியாதையான சொல்லாகப் பயன்படுகிறது. இவர்களில் பலர் 'கம்மாஸ்' முறையில் வேலை செய்தவர்கள். அரபியில் கம்ஸா என்றால் ஐந்து. நிலம், நீர், விதை, உழவு மாடு, உழைப்பு என விளைச்சலுக்கு ஐந்து பங்கு. உழைப்பை மட்டும் தருபவருக்கு ஐந்தில் ஒன்று. நம்மூர் வாரக் கணக்கை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

நவம்பர் 15, வெள்ளி – தம்நூகால்ட்

அக்தஸிலிருந்து நடந்துபோகும் தொலைவில் தம்நூகால்ட் உள்ளது. மெஸ்கீத்தா தோப்பின் பழைய தலைமை ஊர். ஈரமண்ணைப் பலகைகளுக்கிடையே கொட்டி இடித்துக் கட்டிய உயர்ந்த சுவர்கள். கூரைக்குப் பேரீச்ச மரத்துண்டுகளும் நாணலும். இவ்வாறு மதில் சூழ்ந்த ஊரைக் க்ஸார் என்கிறார்கள். பராமரிப்பவர் இல்லாத வீடுகள் மழையில் கரைந்து மீண்டும் மண்ணாகிக்கொண்டிருக்கின்றன.

ஊரைவிடத் தோப்பில்தான் நான் அதிக நேரம் இருந்தேன். மேலே பேரீச்சை, அதன் நிழலில் மாதுளை, அத்தி, பாதாம், அதற்கும் கீழே பார்லியும் குதிரைமசாலும் என்று மூன்று அடுக்காகப் பயிர் நிற்கிறது. உச்சி வெயிலிலும் உள்ளே குளிர்ச்சி. வாய்க்கால்களை அரபியில் செகியா என்றும் அமாஸிக் மொழியில் தர்கா என்றும் (நாம் அறிந்த தர்காவன்று) சொல்கிறார்கள். ஆற்றின் குறுக்கே கல்லும் மரக்கிளையும் அடுக்கிக் கொரம்பு போட்டு நீரைத் திருப்புவது பழைய முறை. இப்போது காங்கிரீட் தடுப்பணைகள் வந்துவிட்டன.

நீரைப் பங்கிடும் முறையை வாய்க்காலைக் கவனித்துக்கொள்பவர் ஒருவர் இரண்டு மணிநேரம் பொறுமையாக விளக்கினார். நம்மிடம் நீர்க்கட்டி, மடையர் என்று பெயர் பெற்றிருந்தவர்கள் செய்த வேலைதான் அவருடையதும். இங்கே வாய்க்கால்கள் இருவகை. ஒருவகையில் நீர் நிலத்தோடு கட்டுண்டது. தலைமடையிலிருந்து கடைமடை வரை வரிசையாக நிலங்கள் நனையும். மற்றொரு வகையான முல்க் வாய்க்காலில் நீர் தனிச்சொத்து. நிலம் இல்லாமல் நீரை மட்டும் வைத்திருக்கலாம், விற்கலாம், வாடகைக்கு விடலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். அதனால் நல்ல நிலம் இருந்தும் நீர்முறை இல்லாதவர் பக்கத்து வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரும். முறையை 'நூபா' என்கிறார்கள். முற்காலத்தில் முறை நேரத்தை அளந்தது, அடியில் சிறு துளையிட்டு நீரில் மிதக்கவிட்ட செப்புக் கிண்ணம். அது நிறைந்து மூழ்கினால் ஓர் அலகு. இதைச் சொல்லி முடிப்பதற்குள் 'நாழிகை வட்டில்' என்று என் வாய் தானாகவே முணுமுணுத்தது. இப்போது கைப்பேசி நேரம்தான் சாட்சி.

"திராவாவுக்கு முல்க் நீர் உண்டா?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்தார். அவருடைய பாட்டனுக்கு இல்லையாம். 1960-70களில் தென் மொராக்கோவிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வட பிரான்ஸின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ஆளெடுக்கப்பட்டபோது அவருடைய தந்தையும் சென்றார். அங்கிருந்து அனுப்பிய பணத்தில் முதலில் நீரையும் பிறகு நிலத்தையும் வாங்கினார்கள். "ஏன் நீர் முதலில்?" என்று நான் கேட்டது அவருக்கு விளங்கவே இல்லை. நீரின்றி நிலத்தை வாங்கி என்ன செய்வது என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

ஆனால் அந்த முறை எல்லாவற்றுக்கும் மேலே இன்று அணை உட்கார்ந்திருக்கிறது. வெள்ளம் வரும்போது அதுவாக வந்த நீர், இப்போது மேலதிகாரிகள் திறக்கும்போதுதான் வருகிறது. ஆண்டுக்குச் சில முறை மதகு திறக்கப்பட்டு, நீர் ஆற்றுப் படுகை வழியாகவே ஆறு தோப்புகளுக்கும் விடப்படுகிறது. வறட்சி ஆண்டுகளில் அந்தச் சில முறையும் குறைந்துவிடும். அணை வந்ததால் கோடையில் ஓரளவு நிச்சயம் கிடைத்தது என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் வெள்ளம் கொண்டுவந்த வண்டல் நின்றுவிட்டது என்றும், மண்ணில் உப்பு ஏறுகிறது என்றும் சொன்னார்.

நவம்பர் 16, சனி – ஸாகோரா

தின்ஸூலின் வழியாக ஸாகோரா வந்தேன். வழியில் ஃபூம் ஷென்னாவின் பாறைச் செதுக்கல்களில் குதிரை வீரர்களைக் கண்டேன். நகரம் சாதாரணமானது, அகன்ற தெரு, அரசு அலுவலகங்கள், 'டிம்பக்டு 52 நாள்' என்று ஒட்டகக் கணக்கில் எழுதிய புகழ்பெற்ற பலகை. அதன் முன் படம் எடுக்க வரிசை இருந்தது. நான் வரிசையில் நிற்கவில்லை.

சாலையின் இருபுறமும் தோப்புக்கு வெளியே, பாலை மண்ணில் சொட்டுநீர்க் குழாய்கள் விரிந்து கிடந்தன. இவை தர்பூசணி வயல்கள். ஆழ்துளைக் கிணற்று நீரை உறிஞ்சி, ஐரோப்பாவுக்கும் வட நகரங்களுக்கும் முந்தி விளையும் பழம். 2017-இல் ஸாகோரா மக்கள் குடிநீர் கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். 'தாகப் போராட்டம்' என்று அது பெயர் பெற்றது. அதன் பின்னரே தர்பூசணிப் பரப்புக்கு நிர்வாகம் வரம்பு விதித்தது. தோப்பில் கிண்ணம் வைத்து நீரை அளந்த நாட்டில், கிணற்று நீருக்கு மட்டும் நூபா இல்லாமல் போனது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

நவம்பர் 17, ஞாயிறு – அம்ஸ்ரூ, தம்குரூத்

இன்று முதல் எனக்கு ஓர் ஓட்டுநர் வாய்த்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஃபெஸ்வாத்தா தோப்பில் பிறந்தவர், தன்னைத் திராவி என்று தயங்காமல் சொல்பவர்.

முதலில் ஸாகோராவை ஒட்டிய அம்ஸ்ரூவுக்குச் சென்றோம். இங்கே யூதர் குடியிருப்பு ஒன்று இருந்தது; வெள்ளி நகை செய்வது அவர்களுடைய கைத்தொழில். 1950-60களில் அவர்கள் இஸ்ரேலுக்கும் பிரான்ஸுக்கும் குடிபெயர்ந்தார்கள். ஆற்றின் பெயரை அவர்களும் எடுத்துச் சென்றிருக்கிறார்கள்: இடைக்காலத்தில் எகிப்தில் எபிரேயக் கவிதை எழுதிய மோசே தர்ஈ என்பவரின் பெயரிலுள்ள 'தர்ஈ', அவருடைய முன்னோர் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து சென்றதைக் குறிப்பது. தோப்பில் கம்மாஸாக உழைத்தவருக்கும் அலெக்சாந்திரியாவில் யாப்பு எழுதியவருக்கும் பொதுவாக இருந்தது இந்த ஆறு மட்டுமே.

பிறகு தம்குரூத். நாஸிரிய்யா என்ற சூஃபி நெறியின் தலைமையிடம் இது. 17ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த முகம்மது பின் நாஸிர் காலத்தில் இதன் புகழ் மொராக்கோ முழுவதும் பரவியது. நூலகத்தில் சில ஆயிரம் கையெழுத்துப் படிகள் உள்ளன. மான்தோலில் எழுதிய குர்ஆனைக் கண்ணாடிப் பேழைக்குள் காட்டினார்கள். வானியல், மருத்துவம், கணிதம், இலக்கணம் என்று மெக்கா சென்று திரும்பியவர்கள் சுமந்துவந்த நூல்கள். தர்காவின் முற்றத்தில் நோயுற்றவர்கள் சிலர் பாயில் படுத்திருந்தார்கள். மனநலம் குன்றியவர்களைக் குணமாகும்வரை இங்கே தங்கவைப்பது பழைய வழக்கம் என்றார்கள். நாகூரையும் ஏர்வாடியையும் பார்த்தவனுக்கு அந்த முற்றம் அந்நியமாகத் தோன்றவில்லை. வெளியே குயவர் சூளைகளில் தம்குரூத்தின் பச்சைப் பூச்சுக் கிண்ணங்கள் காய்ந்துகொண்டிருந்தன.

ஃபெஸ்வாத்தா என்ற பெயர் இன்னோரிடத்திலும் உலவுகிறது. இங்கிருந்து கிடைத்த சுமார் 48 கோடி ஆண்டுப் பழமையான கடலுயிரிகளின் புதைபடிவங்கள், மென்மையான உடற்பகுதிகளும் கெடாமல் இருப்பதால், உலகப் புகழ் பெற்றவை; அந்தப் பாறையடுக்குக்கும் ஃபெஸ்வாத்தா என்றே பெயர். இதை ஓட்டுநரிடம் சொன்னபோது, "கல்லுக்கெல்லாம் எங்கள் ஊர்ப்பெயர் கிடைத்திருக்கிறது" என்று சொல்லிச் சிரித்தார்.

அவருடைய தோப்பில் தேநீர் குடித்தோம். பாதி மரங்கள் மொட்டைத் தூண்களாக நின்றன. பையூத் நோய். மட்டை வெளுத்துப்போவதால் வந்த பெயர் அது. வெள்ளையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. மண்ணில் வாழும் ஒரு பூஞ்சைதான் காரணம். 1870 வாக்கில் இந்தப் பள்ளத்தாக்கில்தான் முதன்முதலில் அறியப்பட்டு, ஒரு நூற்றாண்டுக்குள் நாட்டின் பேரீச்சையில் மூன்றில் இரண்டு பங்கை அழித்தது. இப்போது நோய் தாங்கும் 'நஜ்தா' என்ற வகைக் கன்றுகளை நடுகிறார்கள். நஜ்தா என்றால் மீட்பு.

நவம்பர் 18, திங்கள் – ம்ஹாமித்

தார்ச்சாலை முடியும் ஊர். இதற்கு மேல் மணல். அல்ஜீரிய எல்லை அருகில். அது 1994 முதல் மூடிக் கிடக்கிறது. ஐந்தாம் முகம்மது மன்னர் 1958-இல் இங்கே வந்து சகாராவைப் பற்றி ஆற்றிய உரையை ஊரார் இன்னும் நினைவுகூர்கிறார்கள்.

ஆற்றுப் பாலத்தில் நின்றேன். கீழே மணற்படுகையில் பையன்கள் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். ஆறாவது தோப்பு என்பதால் இதுதான் திராவின் கடைமடை. மேலே ஐந்து தோப்புகள் குடித்து மீந்ததுதான் இங்கே வரவேண்டும். ஆண்டு மழையோ சுமார் 50 மில்லிமீட்டர்தான். மணல்மேடுகள் தோப்புக்குள் புகுந்து சுவர்களைத் தாண்டியிருக்கின்றன. பேரீச்ச மட்டைகளை வரிசையாக நட்டு மணலைத் தடுக்கிறார்கள். இங்கிருந்து ஆறு மேற்கே திரும்பி இன்னும் பல நூறு கிலோமீட்டர் போகிறது, வரைபடத்தில்.

திங்கள் சந்தையில் ஆட்டு வியாபாரி ஒருவரிடம் என் கேள்வியைக் கேட்டேன். முன்பு ஒட்டகத்தோடு அலைந்த அரீப் குலத்தவர் அவர். "நாங்கள் திராவா அல்ல" என்று உறுதியாகச் சொன்னார். பிறகு, கேட்காமலே, "ஆனால் காசாபிளாங்காவில் என் மகனை எல்லாரும் திராவி என்றுதான் கூப்பிடுகிறார்கள்" என்று சேர்த்துக்கொண்டார். வட நகரங்களில் கட்டட வேலைக்கும் கிணறு வெட்டவும் போகும் தெற்கத்தியர் எவரும், கறுப்போ வெளுப்போ, அரபோ அமாஸிக்கோ, அங்கே திராவிதான். என் ஓட்டுநர் இதைக் கேட்டு, "அப்படியானால் அவருக்கு எங்கள் பெயரை இரவல் கொடுத்திருக்கிறோம்" என்றார். ஆட்டு வியாபாரி சிரிக்கவில்லை.

ஒரு காலத்தில் இதற்கு நேர்மாறாக இருந்தது. நாடோடிகளாயிருந்த அயித் அத்தா கூட்டமைப்பினர், க்ஸார்களைப் பிற குலங்களின் கொள்ளையிலிருந்து காப்பதாக ஒப்பந்தம் செய்து, அதற்கு ஈடாகப் பேரீச்சையிலும் நிலத்திலும் பங்கு பெற்றார்கள். 1933-இல் சக்ரோ மலையில் பூகாஃபர் என்ற இடத்தில் பிரெஞ்சுப் படையை எதிர்த்து அவர்கள் நடத்திய போர் இன்றும் அவர்களுடைய பெருமை. காவல் காத்தவருக்குக் குலப்பெயர் நிலைத்தது. காக்கப்பட்டவருக்கு ஆற்றின் பெயர்.

நவம்பர் 19, செவ்வாய் – இரீக்கி

விடியுமுன் கிளம்பி, ஷிகாகா மணற்குன்றுகளைச் சுற்றிக்கொண்டு, இரீக்கி ஏரிக்குப் போனோம். திராவின் வெள்ளம் வந்து தேங்கிய ஏரி இது. அணை கட்டிய பின் வறண்டு, வெறும் வெண்களரியாகக் கிடந்தது. 1994-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோதும் அதில் நீர் இல்லை. இந்த ஆண்டு செப்டம்பரில் பெய்த மழையில், தாகூனீத் ஊரில் மட்டும் ஒரே நாளில் 100 மில்லிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று. அரை நூற்றாண்டுக்குப் பின் ஏரி நிரம்பியது. அதே வெள்ளம் தத்தா பகுதியில் உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனது.

நாங்கள் போனபோது நீர் ஒடுங்கத் தொடங்கியிருந்தது. கரையில் சேறு ஓடு ஓடாக வெடித்திருந்தது; அதற்கப்பால் வானத்தின் நிறத்தில் ஆழமில்லாத நீர்ப்பரப்பு. கானல் என்றே முதலில் நினைத்தேன். ஓட்டுநரும் அப்படித்தான் நினைத்தாராம். அவர் இந்த ஏரியில் நீரைப் பார்ப்பது இதுவே முதல்முறை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்டார். நான் கரையில் நின்று படம் எடுத்தேன். அதற்கான கூலியாக வண்டி திரும்பும்போது சேற்றில் சிக்கி, இரண்டு மணிநேரம் இருவரும் மண்வெட்டி பிடித்தோம்.

நவம்பர் 20, புதன் – இரவுப் பேருந்து

ம்ஹாமித்திலிருந்து வடக்கே போகும் பேருந்தில் இதை எழுதுகிறேன். ஏறியவர்களைவிட ஏற்றப்பட்ட அட்டைப்பெட்டிகள் அதிகம். நகரங்களில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் அனுப்பும் பேரீச்சை. ஒவ்வொன்றிலும் பெறுபவர் பெயருக்குக் கீழே ஊர்ப்பெயரைப் பேனாவால் எழுதியிருந்தார்கள். வழியனுப்ப வந்த என் பழைய ஓட்டுநரிடம் படித்துச் சொல்லும்படி கேட்டிருந்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு க்ஸாரின் பெயர். திரா என்று எழுதிய பெட்டி ஒன்றுகூட இல்லை.

ஸாகோராவில் நடத்துநர் இறங்கி, கூரையில் கட்டியிருந்ததை எண்ணிப் பார்த்துவிட்டு, கைப்பேசியில் காசாபிளாங்கா ஆளிடம் பேசினார். எனக்குப் புரிந்த இரண்டு சொற்கள் 'நாற்பது', 'திராவா'. அது பெட்டிகளைச் சொன்னாரா, பயணிகளைச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. பேருந்து புறப்பட்டது.